பொருள்: கச்சாக் கோப்பை மாற்றுகிறோமா, துலக்குகிறோமா?

குழுவினருக்கு வணக்கம். கேமராவின் உணரி அளந்ததை அப்படியே வைத்திருக்கும் ராவ் (raw) கோப்பைத்தான் கச்சாக் கோப்பு என்கிறேன். அதிலிருந்து பார்க்கத்தக்க படத்தை எடுத்துத் தரும் ‘ராவ் கன்வர்ட்டர்’ மென்பொருளுக்கு நம் வழிகாட்டியில் என்ன தமிழ்ப்பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு இது என் பதில்.

> ராவ் கன்வர்ட்டர் = கச்சாப்பட மாற்றி. எழுத்துரு மாற்றி போல எளிதில் புரியும். இதையே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, எழுத்துரு மாற்றியை நினைவூட்டுகிறது என்பதுதான் எனக்குத் தடை. இங்கே பலரும் டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கு வந்தவர்கள். அங்கே மாற்றியது பிடிக்காவிட்டால் திருப்பி மாற்றிக்கொள்ளலாம், ஓர் எழுத்தும் குறையாது. அந்தப் பழக்கத்தில் ‘மாற்றி’ என்றதும், சரக்கு அதேதான், பைதான் வேறு என்று மனம் எடுத்துக்கொள்கிறது. கேமராவின் கச்சாக் கோப்பிலிருந்து ஜேபெக் எடுப்பது அப்படிப்பட்ட வேலை இல்லை. எடுத்த ஜேபெக்கிலிருந்து கச்சாக் கோப்புக்குத் திரும்பிப் போகவே முடியாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சித்தப்பா மகன் வீட்டுக் காதுகுத்து. குலதெய்வக் கோயில் மண்டபத்தில் ஒரே ஒரு குழல்விளக்கு. குழந்தை தாய்மாமன் மடியில் இருக்கிறது, ஆசாரி ஊசியை எடுக்கிறார், அப்பத்தா குழந்தையின் விரல்களைத் தன் கைக்குள் பொத்திக்கொள்கிறார். அந்த நொடியைப் பிடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து ஓர் இலவசச் செயலியில் எல்லாக் கோப்புகளையும் ஏற்றினேன். தமிழிலேயே பொத்தான் இருந்தது: ‘மாற்று’. அதன் கீழே ஒரு கட்டம்: ‘மாற்றியபின் மூலத்தை நீக்கு’. டிக் செய்துவிட்டேன். மாற்றுவதுதானே என்றுதான் நினைத்தேன். அப்பத்தா காலமான பிறகு, படத்தைப் பெரிதாக்கி மாட்டலாம் என்று கடைக்குக் கொண்டுபோனபோதுதான் விவரம் தெரிந்தது. 6000 × 4000 புள்ளிகள் எடுக்கும் கேமரா. கையில் இருந்த கோப்பு 1616 × 1080. கேமராவின் பின்திரையில் காட்டுவதற்காகக் கச்சாக் கோப்புக்குள்ளேயே ஒரு சிறு ஜேபெக்கைப் பொதிந்து வைத்திருப்பார்கள். செயலி அதை உருவிக் கொடுத்துவிட்டு மூலத்தை அழித்துவிட்டது. சேலையின் வெள்ளை முழுக்கப் பொரிந்துபோய், முகத்தில் குழல்விளக்கின் பச்சை படிந்து நிற்கிறது. இரண்டையும் கச்சாக் கோப்பிலிருந்து பெருமளவு சரிசெய்திருக்கலாம்.

ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லைத் தேர இது தேவை. கேமராவின் உணரியில் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. கோடாக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது: நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஒரு புள்ளியில் இல்லாத மற்ற இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் கணிக்கிறது. 14 பிட் கோப்பில் ஒரு புள்ளியின் அளவு 16384 படிகளில் பதிவாகிறது. ஜேபெக்கில் நிறத்துக்கு 256 படிகள்தான். வெள்ளைச் சமநிலை எது (அதாவது, எந்த நிறத்தை வெள்ளையாகக் கொள்வது), எந்த வெளிச்சத்தை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பதெல்லாம் கச்சாவிலிருந்து ஜேபெக்குக்குச் சுருக்கும் அந்த இடத்தில்தான் தீர்மானமாகின்றன. யாரோ ஒருவர் முடிவெடுக்கிறார்: நாம், அல்லது மென்பொருளை எழுதியவர்.

ஆகவே ‘ராவிலிருந்து ஜேபெக்’ என்று ஒரே பெயரில் தேடும்போது கிடைப்பவை மூன்று வேறு வேலைகள். ஒன்று, பொதிந்திருக்கும் சிறுபடத்தை வெளியே எடுப்பது, இது ‘உருவி’. நூற்றுக்கணக்கான படங்களைச் சட்டென்று புரட்டிப் பார்க்க நல்லது, அதற்குமேல் இல்லை. இரண்டு, கச்சாத் தரவைக் கச்சாவாகவே வேறொரு வடிவத்தில் அடைப்பது. அடோபி 2004இல் கொண்டுவந்த டிஎன்ஜி வடிவத்துக்கு அவர்களே தரும் இலவச மென்பொருள் இந்த வகை. ‘மாற்றி’ என்ற பெயரை இதற்கு விட்டுவைப்போம், முழுக்கப் பொருந்துகிறது. மூன்றாவதுதான் நாம் பெயர் தேடும் பொருள்: டார்க்டேபிள், ராதெரபி போன்றவை. இரண்டுமே திறமூலம், நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும். நாம் செய்யும் திருத்தங்களைத் தனியாக ஒரு சிறு கோப்பில் எழுதிவைக்கும், மூலத்தைத் தொடாது. புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது டார்க்டேபிளைத்தான். படிய நாளாகும், ஆனால் ஒரு படத்துக்குச் செய்த திருத்தத்தை அப்படியே நூறு படத்துக்கு ஒட்டலாம். அந்தப் பொறுமை இல்லையென்றால் கேமரா நிறுவனமே தரும் மென்பொருள் போதும். நிறம் பின்திரையில் பார்த்ததற்கு நெருக்கமாகவே வரும்.

‘கச்சாப்படச் செயலி’ என்று கோவை நண்பர் முன்வைத்ததும் எனக்கு ஒப்பவில்லை. செயலி என்றால் இன்று கைப்பேசி ஆப் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

என் முன்மொழிவு ‘படத்துலக்கி’. ஸ்டுடியோக்காரர்கள் ‘பிலிம் கழுவுவது’ என்றே சொல்லி வந்தார்கள். கழுவிய நெகட்டிவை வெட்டி, வெண்ணெய்த்தாள் உறையில் போட்டு, எண் எழுதி வைப்பார்கள். பிரிண்ட் எத்தனை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், நெகட்டிவைத் தூக்கி எறிய யாருக்கும் கை வராது. அந்த உணர்வு நம் சொல்லிலும் வரவேண்டும். ‘கழுவி’ என்று பெயராக்கினால் வினையெச்சம்போல நிற்கும், அதனால் விட்டேன். பிலிம் கழுவும் டெவலப்பர் கரைசலுக்கு ‘உருத்துலக்கி’ என்ற சொல் ஏற்கெனவே உண்டு. குத்துவிளக்கைத் துலக்கினால் விளக்கு வேறொன்றாகிவிடுவதில்லை, உள்ளே இருந்த பொலிவு வெளியே வருகிறது. வினையாகவும் தடையில்லாமல் வருகிறது: துலக்கு, துலக்கிய படம், மறுபடி துலக்கு, தொகுப்பாகத் துலக்கு. பொத்தானில் ‘துலக்கு’ என்று இருந்திருந்தால், நான் அந்தக் கட்டத்தில் டிக் செய்யுமுன் ஒரு கணம் நின்றிருப்பேன்.

> ராவ் என்பதற்குப் பச்சை என்றே சொல்லலாம். பச்சரிசி, பச்சைப்பால், பச்சைமண்.

அழகான சொல், அக்கா. நானும் ஆசைப்பட்டேன். ஆனால் பேயர் அமைப்பில் பாதிப் புள்ளி பச்சை. ‘பச்சைப் புள்ளி’, ‘பச்சைத் தரவு’ என்று எழுதும் இடமெல்லாம் குழம்பும். ‘பச்சைப் படம்’ என்றால் வேறு அர்த்தமும் கேட்கும். ‘மூலப்படம்’ என்றால் எடிட் செய்யாத ஜேபெக்கும் அதில் அடங்கிவிடும். கச்சா எண்ணெய் நாளிதழில் அன்றாடம் வருகிறது. கச்சாக் கோப்பு இருக்கட்டும்.

ஒரு புள்ளியில் இல்லாத நிறங்களை அக்கம்பக்கம் பார்த்துக் கணிக்கும் வேலைக்கு ஆங்கிலத்தில் டீமொசைக்கிங் என்று பெயர். அதற்கு ‘மொசைக் நீக்கம்’ வேண்டாம். எதையும் நீக்கவில்லை, சேர்க்கிறோம். தெரிந்த மதிப்புகளுக்கு இடையே தெரியாததைக் கணிக்கும் இண்டர்போலேஷனுக்குக் கணிதத்தில் ‘இடைச்செருகல்’ என்றே இருக்கிறது. ‘நிற இடைச்செருகல்’ என்று கேட்டால் பாடபேதம் பார்த்துப் பழகியவர்களுக்கு உடனே விளங்கும்: மூலத்தில் இல்லாதது, பின்னால் வந்து சேர்ந்தது.

இலங்கை நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பல் துலக்குவதில்லை, தீட்டுவார்கள் என்று அறிவேன். ‘படத்தைத் துலக்கு’ என்று திரையில் வந்தால் உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது? பதிலைப் பார்த்துவிட்டு வழிகாட்டியின் முதல் அத்தியாயத்தை அனுப்புகிறேன்.

அன்புடன்.