ஒளி சிகிச்சை, புற்றுநோய்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கடற்கரைக்காரன்:
மனைவி ஜப்பானியர், இருப்பதும் ஜப்பானில். மாமனாருக்கு வாய்ப் புற்று. ஆபரேஷன், கதிர்வீச்சு எல்லாம் முடிந்து மறுபடி வந்துவிட்டது. 2020 செப்டம்பரில் இங்கே அனுமதி பெற்ற அக்காலக்ஸ்தான் கொடுத்தார்கள், புற்று செல்லில் ஒட்டிக்கொண்டு, சிவப்பு ஒளி பட்டால் அந்தச் செல்லை அழிக்கும் மருந்து. முதல் நாள் டிரிப்ஸில் மருந்து, மறுநாள் மயக்கம் கொடுத்து சிவப்பு லேசர். எனக்கு மறக்காதது லேசர் இல்லை. மருந்து ஏறிய இரவு, திரை இழுத்த அறையில், ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப்பை நர்ஸ் ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார், கழற்றிய விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏன் என்று மாமனார் கேட்டார். அதிலிருக்கும் சிவப்பு விளக்கே ஒரே இடத்தில் பட்டுக்கொண்டிருந்தால் தோல் வெந்துவிடுமாம். அதற்கப்புறம் என் போன் திரை எரிந்தாலே மனிதர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். லேசர் முடிந்ததும் முகம் வீங்கி கண்ணே தெரியவில்லை, வலிக்கு ஊசி. கட்டி சுருங்கியது உண்மைதான். ஆனால் 'பக்கவிளைவே இல்லாத சிகிச்சை' என்று இனிமேல் யாரும் ஃபார்வர்ட் அனுப்பாதீர்கள்.

மல்லிகா_லீட்ஸ்:
அக்காவுக்குத் தோலில் வரும் டி செல் லிம்போமா, டி செல் என்ற வெள்ளணுவில் வரும் புற்று. ஒளி என்றால் கட்டியைச் சுடுவது மட்டும்தான் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள், அக்காவுக்கு உடம்பில் எங்குமே ஒளி படவில்லை. போட்டோபெரிசிஸ். ரத்தத்தை வெளியே எடுத்து, வெள்ளணுக்களைப் பிரித்து, சொராலென் என்ற, ஒளி பட்டால் வேலை செய்யும் மருந்தைக் கலந்து, புற ஊதா ஒளி காட்டித் திரும்ப ஏற்றுவார்கள், அடுத்தடுத்து இரண்டு நாள். யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எடெல்சன் குழு இதைப் பற்றி 1987-இல் எழுதியது, மறுவருடமே அமெரிக்காவில் அனுமதி. ஒளி படுவது கொஞ்சம் அணுக்கள்தான், மீதி வேலையை உடம்பின் எதிர்ப்புச் சக்தி செய்கிறது என்பதுதான் டாக்டர்கள் சொல்வது. மெஷினில் அந்த வெள்ளணுப் பை கலங்கிய மஞ்சளாகத் தொங்கியதை அக்கா கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார், "என்னுடையதா இது?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

வெயிலான்:
கடற்கரைக்காரன், வீக்கத்தைப் பார்த்து ஆளைப் பயமுறுத்தாதீர்கள். மருந்து ஒட்டிய செல்லில் 690 நானோமீட்டர் சிவப்பு ஒளி பட்டால் சவ்வு கிழிந்து, தண்ணீர் புகுந்து, செல் ஊதி வெடிக்கிறது. உள்ளே இருந்ததெல்லாம் வெளியே கொட்டுவதால்தான் எதிரியை அடையாளம் காட்டும் டென்ட்ரிடிக் செல்கள் அதை எடுத்துப்போய், தாக்கும் டி செல்களுக்குக் காட்ட முடிகிறது. இந்த முறையைக் கண்டுபிடித்த கோபயாஷியின் குழு எலிகளில் கட்டிக்குள் இருந்த, எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும் டி ரெக் செல்களை இதே முறையில் அழித்தபோது ஒளி படாத கட்டியும் சுருங்கியது. மனிதரிலும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேளுங்கள், என் அப்பாவுக்கு உணவுக்குழாய்ப் புற்றுக்குப் போட்டோஃபிரின் (இதுவும் ஒளி பட்டால் வேலை செய்யும் மருந்துதான்) போட்டபோது நாங்கள் கும்மிருட்டில் அடைத்து வைத்தோம், டாக்டர் திட்டினார். வீட்டுக்குள் சாதாரண வெளிச்சம் பட்டால்தான் தோலில் தங்கிய மருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து அடங்கும். வெயில் மட்டும் குறைந்தது 30 நாள் ஆகாது. சன்ஸ்கிரீனை நம்பாதீர்கள், அது புற ஊதாவைத்தான் தடுக்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்காது. முழுக்கை சட்டை, தொப்பி, கருப்புக் கண்ணாடி, கையுறை. பல் டாக்டரிடம் போனால் அந்த விளக்கைப் பற்றி முதலிலேயே சொல்லுங்கள். ஜன்னல் ஓரம் உட்காரக் கூடாது.

கடற்கரைக்காரன்:
அது வேறு மருந்து, இது வேறு மருந்து ஐயா. முதல் ஒரு வாரம் அறை வெளிச்சத்தை 120 லக்ஸுக்குக் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) கீழே வையுங்கள் என்று எங்களுக்கு எழுதியே கொடுத்தார்கள், அறையில் மீட்டர் வைத்துப் பார்த்தோம். உங்கள் அப்பாவுக்குச் சொன்னதை மாமனாருக்கு நான் எப்படிச் செய்வேன்? நீங்கள் சொன்னதைப் படித்து யாராவது திரையைத் திறந்துவிடப் போகிறார்கள்.

பனங்காடு:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். சித்திக்கு மார்பில் கட்டி. யாரோ யூடியூபில் பார்த்து சிவப்பு எல்இடி விளக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டார்கள், தினமும் சாயங்காலம் கட்டி மேல் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். செல்லில் ஒட்டும் மருந்து இல்லாமல் வெறும் வெளிச்சம் என்ன செய்யும் என்று சொன்னால், "நீயேதானே ஜப்பான்காரன் செய்கிறான் என்றாய்" என்கிறார். பயாப்ஸி என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். இப்படிப்பட்டவரை யாராவது சம்மதிக்க வைத்திருந்தால் எப்படி என்று எழுதுங்கள், அவசரம்.