பிறை தொழிற்பேட்டை ஓரத்து முருங்கைக்கீரையைச் சாப்பிடலாமா?

பிறைவாசி:
பினாங்கு பிறையில் எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, பின்னால் ஒரு சாக்கடை, அதைத் தாண்டினால் பழைய கார் பேட்டரியும் மின்குப்பையும் உடைக்கிற இடம். சாக்கடை ஓரமாக மூன்று முருங்கை. நேற்று ஒரு கொத்தை ஒடித்து ஈரத்துணியால் துடைத்தேன், துணியில் சாம்பல் நிறத்தில் அப்படியே தடம் விழுந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு தடவை அந்தக் கீரைதான். பறிக்காதீர்கள் என்றதற்கு வாட்சப் குழுவில் ஒரே சண்டை.

பட்டர்வொர்த் மாறன்:
தம்பி, சும்மா பயமுறுத்தாதீர்கள். அப்படிப்பட்ட மரத்துக் கீரையை என் அப்பா 30 வருடம் சாப்பிட்டார், 78 வயதில் இன்னும் சைக்கிள் மிதிக்கிறார். தூசு எங்கேதான் இல்லை? கழுவினால் போகிறது.

மெர்த்தாஜம் அக்கா:
பழைய பேட்டரியிலிருந்து வரும் ஈயத்துக்கு அது ஓரளவு சரி மாறன். மண்ணில் விழுந்த ஈயம் பெரும்பாலும் மண்ணோடும் வேரோடும் ஒட்டிக்கொள்ளும், இலையில் இருப்பது அதிகமும் மேலே படிந்த தூசுதான். ஆனால் மின்குப்பையில் இருக்கும் காட்மியம் என்ற நச்சு உலோகம் வேர் வழியாக ஏறி இலைக்குள்ளேயே தங்கிவிடும், மண்ணில் அமிலம் கூடினால் இன்னும் சுலபமாக ஏறும், நம் மலேசிய மண்ணோ மழையில் ஊறி ஊறி அமிலம் ஏறிய மண். அதை எந்தக் குழாய்த் தண்ணீர் கழுவும்? அப்புறம், அப்பாவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்கள் உடம்பு எடுத்துக்கொள்வதைப்போல 4, 5 மடங்கைச் சின்னப் பிள்ளை உடம்பு எடுத்துக்கொள்ளும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஈயத்துக்கு ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பட்டர்வொர்த் மாறன்:
சரி அக்கா, மரம் விஷத்தை இழுத்தால் மண்ணுக்கு நல்லதுதானே? சபாவில் நிக்கலை உறிஞ்சுகிற மரமே இருக்கிறது, பட்டையைக் கீறினால் பச்சையாகச் சாறு வருமாம்.

மெர்த்தாஜம் அக்கா:
உண்மைதான், கினபாலு மலைப் பக்கத்து மரம் அது, நம் கீழாநெல்லிக்குச் சொந்தம், அந்தப் பச்சையே நிக்கல்தான். அது நிக்கல் மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்ந்து பழகிய சாதி, முருங்கைக்கு அந்த வேலை வராது. உலோகம் மக்கவும் மக்காது, எரித்தால் சாம்பலில் கிடக்கும். இழுத்த இலை உதிர்ந்தால் திரும்ப அதே மண்ணுக்குத்தான். சருகை அள்ளி உரமாகப் போட்டால் போட்ட இடத்துக்கு.

பிறைவாசி:
அந்தச் சருகைக் கூட்டி எங்கள் வாசல் வெண்டைப் பாத்தியில்தான் போடுகிறோம் அக்கா. இரண்டு வருடமாக.

மெர்த்தாஜம் அக்கா:
ஐயோ, இன்றே நிறுத்துங்கள். பாத்தி மண்ணைத் தனிப் பையில் எடுங்கள், கழுவிய இலை ஒரு பை, கழுவாத இலை ஒரு பை, ஆய்வகத்தில் கொடுங்கள். கழுவிய இலையிலும் எண் இறங்காவிட்டால் உள்ளே ஏறிவிட்டது என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு இரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள், அதைத் தள்ளிப்போடவே கூடாது. சுற்றுச்சூழல் துறைக்குப் புகார் எழுதி, பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

பட்டர்வொர்த் மாறன்:
மரத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மறைப்பாக நின்று தூசைத் தாங்குவதே அந்த மூன்றும்தான், வெட்டினால் புழுதி நேரே வீட்டுக்குள் வரும். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லுங்கள் தம்பி, என் வீட்டுக் கொல்லையில் முருங்கை இருக்கிறது, சனிக்கிழமை வந்து வேண்டிய மட்டும் ஒடித்துக்கொள்ளட்டும்.