சித்தி சித்தப்பாவுக்கு நம்ம மும்பையைக் காட்ட யோசனை சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். மதுரையிலிருந்து சித்தியும் சித்தப்பாவும் அடுத்த வாரம் செம்பூருக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். கேட்வே, மரைன் டிரைவ் எல்லாம் போன தடவையே பார்த்தாயிற்று. இந்த முறை நாம் தினமும் புழங்குகிற மும்பையைக் காட்ட ஆசை.

ஞாயிறு என்றால் பாதைப் பராமரிப்புக்காக லோக்கல் ரயில்களை நிறுத்தும் மெகா பிளாக் தொல்லை, அதனால் சனிக்கிழமை. காலையில் மாட்டுங்கா. பூக்கடைகளில் வாழைநாரை விரலில் சுற்றி மல்லிகை தொடுக்கும் வேகத்தைச் சித்தி நின்று பார்ப்பார். மதுரைக்காரர், பூ விஷயத்தில் லேசில் திருப்தி வராது. அங்கேயே ரசவடை, ஃபில்டர் காபி. அப்புறம் ஸ்லோ லோக்கல் ரயில் பிடித்து சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்). 1878-ல் கட்டத் தொடங்கிய அந்த ஸ்டேஷனில் கல்லில் செதுக்கிய மயிலையும் குரங்கையும் பார்க்க நம்மில் எத்தனை பேர் நின்றிருக்கிறோம்? மாலையில் வால்கேஷ்வர் பாண்கங்கா குளம்.

இனி உங்கள் உதவி. சித்திக்கு முழங்கால் வலி. மாட்டுங்கா ஸ்டேஷனில் லிஃப்ட் அல்லது எஸ்கலேட்டர் எந்தப் பக்கம்? குளத்துக்கு அதிகம் படி இறங்காமல் போக வழி உண்டா? சி.எஸ்.எம்.டி.யிலிருந்து வால்கேஷ்வருக்கு எந்த பெஸ்ட் (BEST) நகரப் பஸ்? டாக்ஸி வேண்டாம், சித்தப்பாவுக்கு ஜன்னலோர பஸ் சீட்தான் பிடிக்கும். ஸ்டேஷனை ஒட்டிய ஃபோர்ட் பகுதியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட நல்ல சைவச் சாப்பாட்டுக் கடையும் சொல்லுங்கள். காரம் குறைவாக இருந்தால் நல்லது. திரும்பும்போது கூட்டத்தில் சிக்காமல் இருக்க எத்தனை மணிக்குள் வண்டி ஏற வேண்டும்?