‘தடுப்பு’ வேண்டாம், அக்கா

அக்கா, எண்ணச் சுழற்சி நோய்க்கு (OCD: வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலை மறுபடி மறுபடி செய்யவைக்கும் நோய்) நீங்கள் தொகுத்த கலைச்சொற்களில் ‘வெளிப்பாடு மற்றும் எதிர்வினைத் தடுப்பு’ (Exposure and Response Prevention) மட்டும் இடறுகிறது. இந்த நோய்க்கான அறிதல் நடத்தைச் சிகிச்சையில் (CBT: எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை) நடுநாயகமே இதுதான், அதனால் விட மனமில்லை. வெளிப்பாடு என்றால் மனதில் உள்ளதைக் கொட்டுவது என்றுதான் படும். இங்கே நடப்பதோ, அச்சம் தருவதன் பக்கத்தில் போய், கை கழுவுவது போன்ற கட்டாயச் செயலைச் செய்யாமல் இருப்பது. பதற்றம் ஏறும்; கழுவாமல் இருந்தாலும் மெல்லத் தணியும்.

‘தடுப்பு’க்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 1966இல் விக்டர் மேயர் லண்டனில் இந்த முறையை எழுதியபோது, நோயாளியின் அறைக் குழாயையே அடைத்துவிட்டு, செவிலியர் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்கள். இப்போது நோயாளி சம்மதித்துத் தானே செய்கிறார்.

என் தங்கை மகனுக்கு 11 வயது, ஆட்டிசம் உண்டு. தடுப்பு என்றதும், “பீச் ரோட்டுல சாயங்காலம் வைப்பாங்களே, அதா?” என்றான். அவனுக்குச் சொன்னால் சொன்னதுதான், உவமை செல்லாது. ரயில் என்றால் உயிர். அதனால் ஆலோசகர் அச்சப் படிக்கட்டை, அதாவது சின்ன அச்சத்திலிருந்து பெரிய அச்சம் வரையான பயிற்சி வரிசையை, ரயில் பாதையாகவே வரைந்துவிட்டார். விழுப்புரம்: வீட்டுத் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு ஐந்து நிமிடம் கழுவாமல் இருப்பது. அப்புறம் வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர். புதுச்சேரி: பஸ் கம்பியைப் பிடித்த கையோடு முறுக்கு தின்பது. மூன்று வாரமாக வளவனூரிலேயே நிற்கிறான். கேட்டால், “கிராசிங்.”

‘எதிர்கொண்டு தாங்கல்’ என்று வைக்கலாமா?

*

தம்பி, காரணம் சரி, சொல் சரியில்லை. தாங்கல் என்றால் நம் பக்கத்தில் ஏரி. மனத்தாங்கல் என்றால் பேச்சுவார்த்தையே நின்றுபோன வீடு. ‘நேர்நின்று பொறுத்தல்’ எப்படி? பிள்ளையிடம் “கொஞ்சம் பொறு” என்று அதே சொல்லைச் சொல்லிவிடலாம்.

*

சரி, பொறுத்தலே இருக்கட்டும். அகராதியிலிருந்து வந்த மாதிரி இல்லை, அதுவே பிடித்திருக்கிறது.

இன்னொன்று. கட்டாயச் செயலுக்கு எடுத்துக்காட்டாக ‘பொருள்களை வரிசையாக அடுக்குதல்’ என்று போட்டிருக்கிறீர்கள். ஆட்டிசப் பிள்ளைகள் விஷயத்தில் அது ஆளைத் தப்பாகக் காட்டிவிடும். இவன் பழைய ரயில் டிக்கெட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கும்போது பாடிக்கொண்டே அடுக்குகிறான். கை கழுவும்போது அழுகிறான். டிக்கெட்டுக்குச் சிகிச்சை எதற்கு? அதை ‘விருப்ப வழமை’ என்று தனியே பிரித்துவிட்டு, எடுத்துக்காட்டில் கை கழுவுவதைப் போடுங்கள்.