கோபுரத்தில் கீழே கருங்கல், மேலே செங்கல்: ஏன்?

குடந்தைவாசி:
எங்கள் பக்கம் எந்தக் கோபுரத்தைப் பார்த்தாலும் வாசல் உயரம் வரை கருங்கல், அதற்கு மேல் செங்கல்லும் சுதையும் (சுண்ணாம்புப் பூச்சு வேலை)தான். காசு போதாமல் அப்படி முடித்தார்கள் என்கிறார் ஒருவர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை, அதாவது கருவறைக்கு மேலே உள்ள கோபுரத்தை, 1010-லேயே உச்சி வரை கல்லில் எழுப்பியவர்களுக்கு இது முடியாதா என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்தச்சன்:
காசு இல்லை, எடைதான் காரணம். அதே பெரிய கோயிலில் கேரளாந்தகன் வாயிலையும் ராஜராஜன் வாயிலையும் பாருங்கள், இரண்டிலும் கீழே கல், மேலே செங்கல். விமானம் கருவறையைச் சுற்றிய இரட்டைச் சுவரின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் கோபுரத்துக்கு நடுவில் வழி விட்டாக வேண்டும், அந்த வழிக்கு மேலே வரும் பாரத்தை உத்தரக் கற்கள்தான், அதாவது வாசலுக்குக் குறுக்கே படுக்க வைத்த கற்கள்தான், தாங்க வேண்டும். கருங்கல்லை நிறுத்தி வைத்தால் எவ்வளவு பாரமும் தாங்கும், படுக்க வைத்து ஏற்றினால் அடிப்பக்கம் விரிசல் விட்டு முறியும். ஒரு கன மீட்டர் கருங்கல் 2.6 டன்னுக்கு மேல், செங்கல் கட்டு 2 டன்னுக்கும் குறைவு. உள்ளே கூடாக விட்டுக் கட்டுவதால் பாரம் இன்னும் குறையும்.

பழங்கோயில் பித்தன்:
செங்கல் மட்டமான பொருள் என்ற எண்ணமே தப்பு. கோயில் என்றாலே செங்கல்லும் மரமும்தான் என்று இருந்த காலத்தில்தான் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் விழுப்புரம் பக்கம் உள்ள மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் செய்தேன் என்று பெருமையாகக் கல்வெட்டில் வெட்டி வைத்தான். அப்புறம் சோழ அரசி செம்பியன் மாதேவி பழைய செங்கல் கோயில்கள் பலவற்றைக் கற்றளியாக, அதாவது கல் கோயிலாக, மாற்றினார். ஆனாலும் கோபுரத்தின் மேல்நிலைகளுக்குச் செங்கல்லை யாரும் கைவிடவில்லை.

சுண்ணாம்புக்காரர்:
எனக்கு வயிறு எரிவது இன்றைய பராமரிப்பைப் பார்த்துத்தான். பழைய செங்கல் கட்டுக்குச் சுண்ணாம்புக் காரைதான் ஒத்துப்போகும், உள்ளே போன ஈரம் அதன் வழியாக வெளியேறிவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிரும். இடுக்கில் முளைத்த அரசங்கன்றை மேலோடு வெட்டிவிட்டுப் போனாலும் வேர் உள்ளே சுவரைப் பிளந்துகொண்டே இருக்கும். ஸ்ரீகாளஹஸ்தியில் கிருஷ்ணதேவராயர் 1516-ல் கட்டிய ராஜகோபுரம் விரிசல் கண்டு, 2010 மே மாதம் மொத்தமாகச் சரிந்ததை மறக்கவே முடியாது. குடந்தைவாசி, உங்கள் ஊரில் அடுத்த குடமுழுக்குக்குத் திருப்பணி தொடங்கும்போது கோபுரத்தில் என்ன பூசப் போகிறார்கள் என்று சாரம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.