ஜாகுவார் ஈ-டைப்பா, டாட்சன் 240-இசட்டா?

தேரோட்டி:
பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான ஜாகுவார் ஈ-டைப்பின் வேலையை அதைவிடச் சிறப்பாகச் செய்தது ஜப்பானின் டாட்சன் 240-இசட்தான் என்று நண்பர் திருகாணி எழுதியிருக்கிறார். அதை ஏற்பதற்கில்லை. 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான ஈ-டைப், நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக், தனித்தனியே அசையும் பின் சஸ்பென்ஷன், இரட்டை கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) கொண்ட 3.8 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் ஆகிய அனைத்தையும் மற்றொரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான ஆஸ்டன் மார்ட்டினின் விலையில் ஏறக்குறையப் பாதிக்கே தந்தது. உடலை வடிவமைத்த மால்கம் சேயர் விமானத் தொழிலிலிருந்து வந்தவர். 1955 முதல் 1957 வரை பிரான்ஸின் 24 மணி நேர லெ மான் பந்தயத்தைத் தொடர்ந்து வென்ற ஜாகுவாரின் பந்தயக் காரான டி-டைப்பும் அவர் கைவண்ணமே. எட்டு ஆண்டுகள் கழித்து அதே நீண்ட முகப்போடு வந்து, பின்சக்கரங்களுக்குப் பழைய பாணி டிரம் பிரேக் போட்டு மலிவாக விற்கப்பட்ட 240-இசட்டை எப்படி முன்னேற்றம் என்பது?

திருகாணி:
ஐயா, பிரேக்கிலிருந்தே தொடங்குவோம். ஈ-டைப்பின் பின் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை, எஞ்சினின் விசையைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலை ஒட்டி உள்ளே இருக்கின்றன. சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடை இதனால் குறைகிறது என்பது உண்மைதான்; ஆனால் காற்றோட்டம் போதாமல் அங்கே சூடு தேங்குகிறது, அந்தச் சூட்டில் ஆயில் சீல் கெட்டு எண்ணெய் டிஸ்க்கிலேயே கசிகிறது, டிஸ்க்கை மாற்றுவதற்கோ பெரும்பாலும் பின் சஸ்பென்ஷன் கூண்டு முழுவதையும் கீழே இறக்க வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, 3.8 லிட்டர் கார்களில் முதல் கியருக்கு, கியர் உரசாமல் விழ உதவும் சின்க்ரோமெஷ் கிடையாது. 240-இசட்டிலும் பின் சக்கரங்கள் தனித்தனியேதான் அசைகின்றன. ஒற்றை கேம்ஷாஃப்ட் 2.4 லிட்டர் எஞ்சினோ சாதாரண மெக்கானிக்கையும் மிரட்டாது. அமெரிக்காவில் தொடக்க விலை 3,526 டாலர். அந்தக் காரில்தான் 1971-இல் எட்கர் ஹெர்மனும், 1973-இல் உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான சேகர் மேத்தாவும் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை வென்றார்கள்.

தேரோட்டி:
சேற்றையும் குழியையும் தாங்குவது உறுதிக்குச் சான்று. ஸ்போர்ட்ஸ் காரின் தரத்துக்கு அது மட்டும் போதாது. 1962 லெ மானில் கன்னிங்ஹாமும் சால்வடோரியும் ஓட்டிய ஈ-டைப் ஒட்டுமொத்தத்தில் நான்காவதாக வந்தது. அப்புறம், பேட்டரித் தட்டிலிருந்து தரைத்தகடு வரை டாட்சனைத் தின்ற துருவைப் பற்றி ஏன் ஒரு சொல்லும் இல்லை?

திருகாணி:
துருவை மறுக்கவில்லை, ஈ-டைப்பின் கதவடி விளிம்புகளும் அதற்குத் தப்பியவை அல்ல. என் கேள்வி வேறு. நீங்கள் வாதாடுவது எந்த ஈ-டைப்புக்காக? புகை விதிகளின் பொருட்டு 1968 முதல் அமெரிக்கச் சந்தைக்கான கார்களில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் மூன்று எஸ்.யு. நிறுவனக் கார்பரேட்டர்களுக்குப் பதில் இரண்டு ஸ்ட்ராம்பெர்க் கார்பரேட்டர்களே இருந்தன; எஞ்சினின் ஆற்றலும் குறைந்தது. 1971-இல் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினும் நீண்ட வீல்பேஸும் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) சேர்ந்து அது எடை கூடிய சொகுசுக் காராகிவிட்டது. 1970-இல் லாஸ் ஏஞ்சலீஸ் ஷோரூமில் 240-இசட்டோடு மோதியது அந்த இரண்டு கார்பரேட்டர் ஜாகுவார்தான். ஒப்பிடுவதென்றால் அதை எடுத்து வைத்துப் பேசுங்கள்.