துணி டயப்பர் ராத்திரில லீக் ஆகுது, என்ன பண்ணலாம்?

பாப்பாவுக்கு 5 மாசம், கிட்டத்தட்ட 7 கிலோ, கோலாலம்பூர் செந்தூல்ல 14வது மாடி பிளாட்டுல இருக்கோம். பாக்கெட் டைப் துணி டயப்பர், உள்ள சொருகுறது மைக்ரோஃபைபர் இன்சர்ட் (ஈரத்தை இழுக்குற துணிப்பட்டை). பகல்ல ஓகே, ராத்திரி 2 மணிக்கெல்லாம் தொடைப்பக்கம் ஒழுகி மெத்தையே நனைஞ்சிடுது, 3 வாரமா இதே கதைதான், காலையில கழட்டுனா மூக்கைப் பிடிக்கிற மூத்திர வாடை வேற.

ரெண்டு இன்சர்ட் வச்சுப் பார்த்தேன், தவளை மாதிரி காலை விரிச்சுப் படுக்குறா, அப்பவும் லீக். சாஃப்ட்னர் ஊத்துனா துணி ஈரத்தை இழுக்காதுன்னு தெரியாம முதல் மாசம் பூரா ஊத்தியிருக்கேன், இப்ப நிறுத்திட்டேன். சோப்பு இல்லாம சுடுதண்ணில 3 தடவ அலசுனேன், வாடை கொறஞ்சுது, லீக் கொறையல. மூங்கில் இன்சர்ட் 4 வாங்குனேன், நல்லா இழுக்குது, ஆனா தினம் சாயங்காலம் மழை, பால்கனில காய 2 நாள் ஆகுது. கடை டயப்பர் எம் சைஸ் 2 ராத்திரி போட்டேன், லீக் இல்ல, ஆனா தொடை இடுக்கு சிவந்துருச்சு. மாமியார் லம்பின் துணியே (மடிச்சுக் கட்டுற சாதாத் துணி) போதும்ங்கறாங்க, ராத்திரி எந்திரிச்சு மாத்தப்போறது அவங்க இல்லையே!

பிளாட்டுல துணி டயப்பர் பாவிக்கிற அம்மாங்க, ராத்திரிக்கு மட்டும் நீங்க உள்ள என்ன வச்சுக் கட்டுறீங்க?